எட்டுக்கால் ஐசியும் இரண்டு மூடநம்பிக்கைகளும்

ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஐசியில் வந்து நிற்கும். பேஸ்-ட்ரெபிள் போர்டில் இருக்கிற 4558-ஐக் கழற்றிவிட்டு என்இ5532 போட்டால் சவுண்டு திறந்துகொள்ளும் என்பார் ஒருவர். "ஒரிஜினலா இருந்தாத்தானே! இப்ப வர்றதெல்லாம் டூப்பு" என்பார் இன்னொருவர். ஒரிஜினலை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டால், "மேல இருக்கிற எழுத்தைப் பாருங்கண்ணே. லேசர் பிரிண்ட்டா இருக்கணும், அசிட்டோன் போட்டுத் தேய்ச்சா அழியக் கூடாது." சரி, இரண்டு ஒரிஜினலில் எது உசத்தி என்று எப்படி முடிவு செய்வது? "போட்டுக் கேளுங்க. காது சொல்லிடும்."

கண்ணும் காதும் போதும் என்கிற இந்த நம்பிக்கை சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பெரும்பணம் செலவழித்து ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் கட்டுகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். வார்த்தைகள் மட்டும் கொஞ்சம் நாசூக்கு: திரை விலகியது, மேடை விரிந்தது, குரலில் கதகதப்பு வந்தது. இந்த வார்த்தைகளை நம்பி ஒரு சந்தையே நடக்கிறது. போலி ஐசி செய்கிறவர்களுக்கும் அந்தச் சந்தைதான் சோறு போடுகிறது. காசு கொடுத்து வாங்குகிறவர் எழுத்தைப் பார்த்து வாங்கி, காதால் சரிபார்ப்பார் என்றால் போலிக்காரருக்கு வேறென்ன வேண்டும்? எழுத்தை அவரால் அச்சடிக்க முடியும். காதில் வந்து சேர வேண்டியதை வாங்கினவரின் மனமே கொடுத்துவிடும்.

முதலில் கண்ணை எடுத்துக்கொள்வோம். பழைய போர்டுகளிலிருந்து சூடேற்றிப் பிடுங்கிய சிப்புகளின் மேற்பரப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்புப் பூச்சு பூசி, விலை கூடிய எண்ணை மேலே எழுதுவது போலித் தொழிலின் பால பாடம். பூச்சு மட்டமாக இருந்த காலத்தில் பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தால் குட்டு வெளிப்பட்டது. அந்தச் சோதனை ஊரறிந்த பிறகு அசிட்டோனுக்கு அசையாத பூச்சு வந்துவிட்டது. அதனால்தான் சோதனைக் கூடங்கள் அசிட்டோனைத் தாண்டி, சூடாக்கிய வேறு கரைப்பான்களுக்குப் போயின. லேசர் எழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லேசரில் பெயர் பொறிக்கும் மெஷின் இன்று பேனாவுக்கும் சாவிக்கொத்துக்கும் பெயர் போடும் கடையிலேயே இருக்கிறது.

அசலும் எப்போதும் ஒரே முகத்தோடு வருவதில்லை. 5532 சிக்னெட்டிக்ஸ் கம்பெனியின் பிள்ளை. அந்தக் கம்பெனி பிலிப்ஸ் கைக்குப் போனது. அதே எண்ணில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்கிறது, ஆன் செமிகண்டக்டர் செய்தது, ஜப்பானின் ஜேஆர்சி தன் முன்னெழுத்தோடு செய்தது. ஒரே கம்பெனிக்குள்ளும் பல நாடுகளில் தொழிற்சாலைகள். ஆண்டுகள் போகப் போக மை அச்சு போய் லேசர் வரும், பிளாஸ்டிக் கலவை மாறும், முதல் காலைக் காட்டும் குழியின் ஆழம் மாறும். "போன தடவை வாங்கினது இப்படி இல்லையே" என்று சொல்லி அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணுக்கு லட்சணமான போலியை வாங்கிப் போவது இப்படித்தான் நடக்கிறது.

எழுத்து எவ்வளவு மலிவான சாட்சி என்பதற்கு ஓர் அரசாங்க ஆவணமே இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான கவர்மென்ட் அக்கவுன்டபிலிட்டி ஆஃபீஸ், பெயருக்கு ஒரு கம்பெனியை உருவாக்கி, இணையச் சந்தைகளில் ராணுவத் தரத்து மின்னணுப் பாகங்களை வாங்கிப் பார்த்தது. 2012-ல் வந்த அறிக்கையின்படி வாங்கிய 16 பாகங்களில் ஒன்றுகூடச் சரியானதாக இல்லை. அதில் ரசமான பகுதி வேறு. சில பாகங்களுக்கு அவர்கள் கொடுத்த எண்களே கற்பனை. அப்படி ஒரு சிப்பை உலகத்தில் எவரும் செய்ததில்லை. அந்த எண்களுக்கும் சரக்கு வந்து சேர்ந்தது, மேலே அந்த எண்ணோடு! இதற்குப் பிறகும் எழுத்தின் தெளிவை வைத்து ஒரிஜினல் என்று தீர்ப்பு எழுதுவது, ரேஷன் அட்டையில் இருக்கும் போட்டோவைப் பார்த்து ஆளின் ரத்த வகையைச் சொல்வதுதான்.

கண் முழுக்க வீண் என்று நான் சொல்லவில்லை. சிப்புகளை அடுக்கி விற்கும் ஒரே பிளாஸ்டிக் குழாயில் வந்த இரண்டு சிப்புக்கு ஒரே தேதிக்குறி, ஆனால் குழிகள் வேறு வேறு. புதுச் சரக்கு என்கிறார்கள், கால்களில் பழைய ஈயத்தின் தடம் தெரிகிறது. தேதிக்குறி இன்னும் வராத வாரத்தைக் காட்டுகிறது. இதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் தூக்கிப் போட வேண்டியவை. கண்ணால் ஒரு சிப்பைக் குற்றவாளி என்று நிரூபிக்கலாம், நிரபராதி என்று நிரூபிக்க முடியாது. நம் ஆட்கள் கண்ணைப் பயன்படுத்துவதோ இரண்டாவது வேலைக்கு.

ஓபிஏ627 கதையைப் பார்த்தால் காதின் யோக்கியதையும் சேர்ந்தே தெரிந்துவிடும். பர்-பிரவுன் கம்பெனி செய்த இந்தச் சிப் ஹைஃபை உலகில் ஒரு குட்டித் தெய்வம். ஒரே ஒரு ஆம்ப்ளிஃபையர் கொண்ட எட்டுக்காலுக்கு, சாதாரண ஐசியைப் போலப் பல பத்து மடங்கு விலை. இணையச் சந்தையில் அடிமாட்டு விலைக்கு வந்த ஒன்றை, சிப்புகளை அமிலத்தில் உரித்து உள்ளிருக்கும் சிலிக்கானைப் படம் எடுக்கும் ஆர்வலர்கள் உரித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது அனலாக் டிவைசஸின் ஏடி744. மட்டமான சிப் அல்ல. நல்ல கம்பெனி, நல்ல வடிவமைப்பு. ஆனால் அது ஓபிஏ627 கிடையாது. ஓபிஏ627-இன் இரைச்சல் ஒரு ரூட்-ஹெர்ட்ஸுக்கு 5 நானோவோல்ட் சுற்றில். ஏடி744-க்கு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஓபிஏ627 சும்மா இருக்கும்போதே 7 மில்லிஆம்பியர் குடிக்கும். ஏடி744-க்கு அதில் பாதி. வேகத்தில் மட்டும் போலி முந்திவிட்டது. மைக்ரோசெகண்டுக்கு 55 வோல்ட் ஏறும் இடத்தில் 75 வோல்ட் ஏறும்.

சப்ளை கம்பியில் ஒரு மில்லிஆம்பியர் மீட்டரைச் செருகியிருந்தால் அரை நிமிடத்தில் பிடிபட்டிருக்கும் போலி இது. 7 எங்கே, 3.5 எங்கே! அதை உரித்துப் பார்க்க அமிலமே தேவையில்லை. வாங்கினவர்களில் எத்தனை பேர் அதைக் காதால் கேட்டு "ஆஹா" என்றிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காதுதான் சிறந்த கருவி என்றால் மூன்று மடங்கு இரைச்சலைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டாமா? காட்டாது, ஏனென்றால் பெரும்பாலான சர்க்யூட்டில் அந்த இரைச்சல் மற்ற இரைச்சல்களுக்குக் கீழே கிடக்கும். அப்படிப் பார்த்தால் அந்தச் சர்க்யூட்டுக்கு ஓபிஏ627 தேவையே இல்லை. காதை நம்புகிறவர் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றை ஒத்துக்கொண்டாக வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே அதிகம் புழங்கும் போலி விவகாரம் ஓபிஏ627 அல்ல, 5532 என்று எழுதிய 4558. இரண்டும் இரட்டை ஆப்-ஆம்ப், எட்டுக் கால், கால் அமைப்பும் ஒன்றே. மாற்றிப் போட்டாலும் போர்டு பாடும். பாடுவதால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

இதைப் பிடிக்க பவர்கூட வேண்டாம். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். ஐசியைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து 2, 3 ஆகிய கால்களில் முனைகளை வையுங்கள். பிறகு முனைகளை மாற்றி வையுங்கள். 5532-இன் இரண்டு இன்புட்டுகளுக்கும் நடுவில் எதிரெதிராக இரண்டு பாதுகாப்பு டயோடுகள் உள்ளேயே இருக்கின்றன. அதனால் எப்படி வைத்தாலும் 0.6, 0.7 வோல்ட் சுற்றில் மீட்டர் காட்டும். 4558-இல் அந்த டயோடுகள் கிடையாது. இரண்டு பக்கமும் மீட்டர் திறந்தே கிடக்கும். 5, 6 கால்களிலும் இதையே செய்து பாருங்கள். பேக்கெட்டைப் பிரித்த இடத்திலேயே, கடைக்காரர் மிச்சச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் செய்துவிடலாம்.

இன்னும் உறுதி வேண்டும் என்றால் ஒரு பிரெட்போர்டும் இரண்டு 9 வோல்ட் பேட்டரியும் போதும். பேட்டரிகளைத் தொடராக இணைத்து நடுப்புள்ளியைக் கிரவுண்டு ஆக்குங்கள். 8-ஆம் காலுக்குப் பிளஸ், 4-ஆம் காலுக்கு மைனஸ். 1-ஐயும் 2-ஐயும் சேர்த்துவிடுங்கள். 3-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 1 மெக் ஓம் ரெசிஸ்டர், அதன் குறுக்கே ஹம் ஏறாமல் இருக்க ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். மறுபாதி ஆம்ப்ளிஃபையரைச் சும்மா விடாமல் அதன் 6, 7 கால்களைச் சேர்த்து, 5-ஐக் கிரவுண்டில் கட்டிவிடுங்கள். இப்போது 1-ஆம் காலில் டிசி வோல்டேஜ் பாருங்கள்.

5532-இன் இன்புட் டிரான்சிஸ்டர்கள் என்பிஎன் வகை. அவை இன்புட் காலுக்குள் கரண்ட்டை இழுக்கும். வழக்கமாக 200 நானோஆம்பியர் அளவில். அது 1 மெக் வழியாக வந்தால் 0.2 வோல்ட் விழும், அதுவும் மைனஸ் பக்கம். 4558-இன் இன்புட் பிஎன்பி வகை. கரண்ட் காலிலிருந்து வெளியே வரும். மீட்டர் பிளஸ் பக்கம் போகும். யார் செய்த 4558 என்பதைப் பொறுத்து அளவு சில பத்து மில்லிவோல்ட்டிலிருந்து நூற்றைம்பது வரை மாறலாம், குறி மாறாது. இன்னொரு இரட்டை ஆப்-ஆம்ப்பான டிஎல்072 ஆக இருந்தால் இன்புட்டில் ஜெஃபெட் இருப்பதால் கரண்ட் ஏறக்குறைய பூஜ்யம். ஓரிரு மில்லிவோல்ட் ஆஃப்செட் மட்டும் தெரியும். ஒரு ரெசிஸ்டரும் மீட்டரில் ஒரு கழித்தல் குறியும் சேர்ந்து மூன்று சாதியைப் பிரித்துவிட்டன. எந்த எழுத்தும் எந்த அசிட்டோனும் இதைச் செய்யாது. சிப்பின் மேல்தோலை மாற்றுகிறவரால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரின் வகையை மாற்ற முடியாது.

பேட்டரிக் கம்பியில் மீட்டரைத் தொடராக வைத்தால் இன்னொரு சாட்சி கிடைக்கும். 5532 முழுச் சிப்பாக 8 மில்லிஆம்பியர் அளவில் எடுக்கும். 4558-ம் டிஎல்072-ம் 3 சுற்றில் நிற்கும். எல்எம்358 என்றால் 1-க்கும் கீழே.

ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவர் ஒரு படி மேலே போகலாம். ஸ்கொயர் வேவ் கொடுத்து அவுட்புட் 10 வோல்ட் ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் 741-க்கு 20 மைக்ரோசெகண்ட், 4558-க்குப் பத்துக்குள், 5532-க்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். 5532-இல் மட்டும் அந்த இன்புட் டயோடுகள் குறுக்கே நடத்தாதபடி ஃபீட்பேக் வழியில் ஒரு கிலோ ஓம் போட்டுக்கொள்ள வேண்டும். ஓபிஏ2134 என்று வாங்கியது உண்மையில் டிஎல்072-தானோ என்று சந்தேகமா? முன்போல 1-ஐயும் 2-ஐயும் சேர்த்து ஃபாலோயராகக் கட்டி, இன்புட்டை மைனஸ் சப்ளையை ஒட்டும் அளவுக்குத் தள்ளுங்கள். பழைய டிஎல்072 அந்த இடத்தில் குழம்பிப் போய் அவுட்புட்டைப் பிளஸ் உச்சிக்குத் தூக்கி அடிக்கும். ஓபிஏ2134-இல் அதைத் தடுக்கவென்றே சர்க்யூட் வைத்திருக்கிறார்கள். பல்லிளிக்கும் இந்தக் கோளாறு, ஆள் அடையாளத்துக்கு மச்சம் மாதிரி உதவுகிறது என்பது தனி வேடிக்கை.

இங்கே ஒரு மறுப்பு வரும். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே வரும். "இதெல்லாம் கரண்ட்டு, வோல்டேஜு. சங்கீதம் வேற. மீட்டருக்கு ராகம் தெரியுமா?"

மீட்டருக்கு ராகம் தெரியாது. ஆப்-ஆம்ப்புக்கும் தெரியாது. அதற்குத் தெரிந்தது, இரண்டு இன்புட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பன்மடங்கு பெருக்குவது மட்டும்தான். நாம் வெளியே இரண்டு ரெசிஸ்டர் போட்டு, அவுட்புட்டில் ஒரு பங்கை இன்புட்டுக்குத் திருப்பி, அந்தப் பெருக்கத்தை அடக்கி வைக்கிறோம். அடங்கிய பிறகு கெயின் எவ்வளவு என்பதை ரெசிஸ்டர்கள் சொல்லும். சிப்பின் சொந்தக் குணம், மிச்சமிருக்கும் பெருக்கத்தால் நசுக்கப்பட்டுவிடும். 5532-க்கு 10 மெகாஹெர்ட்ஸ் கெயின்-பேண்ட்விட்த். கெயின் ஒன்றாக இருக்கும் சர்க்யூட்டில், 1 கிலோஹெர்ட்ஸில் அதன் பிழை பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். 20 கிலோஹெர்ட்ஸிலும் ஐந்நூறில் ஒரு பங்கு. 1968-இல் ஃபேர்சைல்டில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த 741-க்கு 1 மெகாஹெர்ட்ஸ்தான். 20 கிலோஹெர்ட்ஸில் ஐம்பதில் ஒரு பங்குதான் கிடைக்கும். 741-ஐ ஆடியோவில் போடாதே என்று சொல்வதற்கு இந்தக் கணக்குப் போதும். ஐசிகளுக்குள் வித்தியாசமே கிடையாது என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். இருக்கிற வித்தியாசத்துக்குக் காரணமும் அளவும் உண்டு, அதைக் காது வழியாகத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்கிறேன்.

காதால் ஒப்பிடுவது எப்படி நடக்கிறது? செட்டை அணைக்க வேண்டும், மூடியைக் கழற்ற வேண்டும், ஐசியைப் பிடுங்கிப் புதியதைச் செருக வேண்டும், மறுபடி ஆன் செய்து பாட்டைத் தேட வேண்டும். அதற்குள் வால்யூம் குமிழ் கொஞ்சம் நகர்ந்திருக்கும். கெயினை ரெசிஸ்டர்கள் நிர்ணயிப்பதால் ஐசி மாற்றியதில் சத்தம் கூடாது; குமிழ் நகர்ந்ததில் கூடும். அரை டெசிபெல் கூடினால் "சத்தமாக இருக்கிறது" என்று யாருக்கும் தோன்றாது, "தெளிவாக இருக்கிறது" என்று தோன்றும். இதோடு, புது ஐசிக்குக் கொடுத்த காசும் கூடவே உட்கார்ந்து கேட்கும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 1982-இல் டேவிட் கிளார்க், ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் ஏபிஎக்ஸ் ஒப்பீட்டு முறையை விளக்கி எழுதினார். ஏ எது, பி எது என்று தெரியும். எக்ஸ் இரண்டில் எது என்று கேட்பவருக்கும் தெரியாது, நடத்துபவருக்கும் தெரியாது. ஒரு சுவிட்ச், சத்த அளவு 0.1 டெசிபெலுக்குள் சமம். பதினாறு முறையில் பன்னிரண்டு சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அது நடக்க நூற்றுக்கு நான்கு வாய்ப்புக்கும் குறைவு. அவர் காதை நான் மதிப்பேன். இரண்டு ஒரே மாதிரி போர்டு, ஒரு ரிலே, கூட ஒரு நண்பர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். "காது சொல்லிடும்" என்கிறவர்கள் காதுக்கு இந்தப் பரீட்சையை வைப்பதே இல்லை.

வைத்தவர்களுக்கு என்ன ஆனது? அதே இதழில் 2007-இல் மேயரும் மோரனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர ஒலிப்பதிவு ஓடும் பாதையில், அனலாக்கை சிடி தர டிஜிட்டலாக்கி மறுபடி அனலாக்காக்கும் ஒரு முழு வளையத்தையே நுழைத்தார்கள்; உள்ளே போகும் அனலாக் பகுதி, மாற்றிகள், வெளியே வரும் அனலாக் பகுதி எல்லாம் சேர்த்து. 554 முயற்சியில் 276 சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். ஒரு முழு வளையம் நுழைந்தது தெரியாத காதுக்கு, சாக்கெட்டில் ஒரு நல்ல ஐசி போய் இன்னொரு நல்ல ஐசி வந்தது தெரியும் என்றால், நிரூபிக்கும் பொறுப்பு காதுக்காரருடையது.

"நான் மாத்தினேன், மாறுச்சு. என் காதால கேட்டேன்" என்பவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிட முடியாது. சில நேரம் உண்மையிலேயே மாறும். அந்த இடங்களில்தான் என் வாதத்துக்கு வலு அதிகம்.

ஒன்று, குமிழைத் திருகும்போது வரும் கரகரப்பு. நூறு கிலோ ஓம் பாட் நேராகப் போய் இன்புட்டில் நிற்கும் போர்டில் 5532 போட்டால், அந்த 200 நானோஆம்பியர் பாட் வழியாகத்தான் ஓடியாக வேண்டும். திருகும்போதெல்லாம் டிசி மாறும், ஸ்பீக்கரில் கரகர என்று கேட்கும். டிஎல்072 போட்டால் நின்றுவிடும். போர்டுக்காரர் "5532 டூப்பு, டிஎல்072 ஒரிஜினல்" என்று முடிவுகட்டுவார். இரண்டுமே அசலாக இருந்திருக்கலாம். கரகரத்த 5532 தன் இன்புட் கரண்ட்டைச் சரியாக எடுத்திருக்கிறது, அவ்வளவே. ஒரு கப்ளிங் கெப்பாசிட்டர் போட்டிருந்தால் பேச்சே எழுந்திருக்காது.

இரண்டு, இரைச்சல். 5532 எப்போதும் டிஎல்072-ஐ விட அமைதி என்பது சந்தையின் வேதவாக்கு. தரவுத்தாளில் 5-க்கு எதிரே 18 நானோவோல்ட் என்று இருப்பதால் வந்த முடிவு. ஆனால் 5532-க்கு இன்னொரு இரைச்சல் உண்டு, கரண்ட் இரைச்சல், 0.7 பிகோஆம்பியர். அது மூலத்தின் தடையோடு பெருகும். தடை 1 கிலோ ஓம் என்றால் அதன் சொந்த இரைச்சல் 4 நானோவோல்ட்; எல்லாம் சேர்த்து 5532 பக்கம் ஆறு சொச்சம், டிஎல்072 பக்கம் பதினெட்டு சொச்சம். 5532 கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கிறது. நூறு கிலோ ஓம் பாட்டை நடுவில் வைத்தால் இன்புட் பார்க்கும் தடை 25 கிலோ ஓம். இரண்டு சிப்பும் 27-இல் வந்து நிற்கும். மூலத்தடையே 100 கிலோ ஓம் என்றால் 5532 எண்பதுக்குப் போகும், டிஎல்072 நாற்பத்தைந்தில் நிற்கும். ஐந்து டெசிபெல் அமைதி. எந்த ஐசி நல்லது என்ற கேள்விக்கு எந்த சர்க்யூட்டில் என்று எதிர்க்கேள்வி கேட்காதவர் சொல்லும் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூன்றாவது ஆபத்தானது. 4558-க்கென்று வரைந்த போர்டில், சப்ளை காலருகே 0.1 மைக்ரோஃபாரட் இல்லாத போர்டில், 55 மெகாஹெர்ட்ஸ் எல்எம்4562-ஐக் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். அது காதுக்கு எட்டாத மெகாஹெர்ட்ஸில் ஆசிலேட் ஆகும். விரல் வைத்தால் சுடும். ஆசிலேட் ஆகும் ஐசி வழியே போகும் பாட்டு நிச்சயமாக மாறித்தான் கேட்கும். விலை கூடிய ஐசி என்ற நினைப்பில் அந்த மாற்றத்துக்கு "டீட்டெய்ல்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். ஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்தால் திரை முழுக்கப் பட்டையாக அடைத்துக்கொண்டு நிற்கும்.

எல்எம்358-ஐ ஆடியோவில் போட்டு மெல்லிய சத்தத்தில் கேட்டால் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் காதைக் கிள்ளும். இதை யார் காதும் சொல்லும். மீட்டர் அதற்கு முன்னாலேயே சொல்லும்.

4558 மெதுவானது, ஹைஃபைக்கு லாயக்கில்லை என்பதையும் இதே தராசில் நிறுத்துப் பார்க்கலாம். 20 கிலோஹெர்ட்ஸில் 10 வோல்ட் உச்சம் வேண்டுமென்றால் மைக்ரோசெகண்டுக்கு 1.26 வோல்ட் வேகம் தேவை. 4558-இன் வேகம் 1 என்று வைத்தாலும் 8 வோல்ட் உச்சம் வரை தாராளம். ப்ரீஆம்ப்பில் நாம் எடுப்பது 2 வோல்ட் ஆர்எம்எஸ். உச்சம் மூன்றைத் தொடாது. பாட்டில் 20 கிலோஹெர்ட்ஸில் அந்த உச்சம் வருவதுமில்லை.

அதே 4558-க்கு மேல்நாட்டில் நேரெதிர் மரியாதை என்பது இந்த வியாபாரத்தின் லட்சணத்தைக் காட்டிவிடும். ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற கிட்டார் பெடலில் ஜேஆர்சி4558டி இருந்தது என்பதற்காகப் பழைய தேதிக்குறியுள்ள அந்தச் சிப்புக்கு கிட்டார்காரர்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள். அந்தப் பெடலின் குரலை உருவாக்குவது ஃபீட்பேக்கில் நிற்கும் இரண்டு சிலிக்கான் டயோடுகளும் அவற்றைச் சுற்றிய கெப்பாசிட்டர், ரெசிஸ்டர்களும். அடுத்து வந்த டிஎஸ்9 மாடல்கள் சிலவற்றில் தோஷிபாவின் டிஏ75558 இருந்தது. அதையும் கொண்டாடத்தான் செய்கிறார்கள். விலை எழுத்துக்கு என்று ஆன பிறகு எழுத்தைத்தான் போலி செய்வார்கள். நம் ஊரில் 4558-ஐத் தேய்த்து 5532 ஆக்குவதும், அங்கே புது 4558-ஐத் தேய்த்துப் பழைய 4558 ஆக்குவதும் ஒரே தொழிலின் இரண்டு கிளைகள்.

டிஸ்டார்ஷன் அளக்க லட்ச ரூபாய் அனலைசர் வேண்டும் என்ற சாக்கும் எடுபடாது. எல்எம்4562-இன் தரவுத்தாளிலேயே வழி இருக்கிறது. அதன் 0.00003 சதவீதத்தை எந்தக் கருவியும் நேரடியாகப் பார்க்க முடியாது என்பதால், இரண்டு இன்புட்டுக்கும் நடுவில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, ஃபீட்பேக்கில் ஒரு கிலோ ஓம் வைக்கிறார்கள். சிக்னலுக்குக் கெயின் ஒன்றுதான்; சிப்பின் பிழை மட்டும் நூற்றியொரு மடங்கு பெருகி வெளியே வரும். அதை ஒரு சுமாரான ஆடியோ இன்டர்ஃபேஸும் இலவச ஸ்பெக்ட்ரம் மென்பொருளும் பார்த்துவிடும். அதே இரண்டு ரெசிஸ்டரை வைத்து 101 கெயின் கட்டி, இன்புட்டைக் கிரவுண்டில் கட்டினால் இரைச்சல் சோதனை ஆயிற்று. 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 5532 சுமார் 0.07 மில்லிவோல்ட் தரும், டிஎல்072 0.26 சுற்றில். பதினொரு டெசிபெல் இடைவெளி. ஐசிகளை மாற்றி மாற்றிச் செருகினால் திரையில் கோடு ஏறி இறங்குவதைப் பார்க்கலாம், பாட்டே தேவையில்லை.

மேஜைச் சோதனையால் எல்லாம் தெரிந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய போர்டில் பத்து வருடம் உழைத்துப் பிடுங்கப்பட்ட அசல் 5532, டயோடு சோதனையில் தேறும், கழித்தல் குறி காட்டும், 8 மில்லிஆம்பியர் எடுக்கும். பிடுங்கும்போது பட்ட சூடும் ஸ்டேட்டிக்கும் அதன் ஆயுளில் எவ்வளவைத் தின்றன என்று எந்தப் பேட்டரியும் சொல்லாது. மருத்துவக் கருவியிலோ விமானத்திலோ போடுகிறவர் அதனால்தான் உற்பத்தியாளர் அங்கீகரித்த விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குகிறார். அவர் வாங்குவது சரக்கின் பிறப்புச் சான்றையும் சேர்த்து.

தன் சொந்தப் பெயரைப் போட்டு, 5532-க்கு இணை என்று சொல்லி, தனக்கென ஒரு தரவுத்தாள் வெளியிட்டு விற்கும் சீனத் தயாரிப்புகளும் இருக்கின்றன. அவற்றை "டூப்பு" என்று சேர்த்துத் திட்டுவது அநியாயம். சிக்னெட்டிக்ஸ் செய்ததை டெக்சாஸ் செய்தபோது யாரும் டூப்பு என்று சொல்லவில்லை. அவை மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் பேஸ்-ட்ரெபிள் போர்டில் போட எனக்குத் தயக்கமே இல்லை. டெக்சாஸ் முத்திரையைத் திருடிக்கொண்டு வரும் ஐசி வேறு விஷயம். கையில் எடுத்த ஒன்று அளவில் தேறினாலும் அந்தக் குழாய் எனக்கு வேண்டாம். பல போர்டுகளில் பிடுங்கிய சரக்கை ஒன்றாகக் கொட்டி ஒரே எழுத்தை அடித்திருப்பார்கள். மேலே இருக்கும் இரண்டைச் சோதித்து அடியில் இருக்கும் இருபத்து மூன்றுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. முத்திரையை வைத்து வாங்கித் தொலைத்துவிட்டவர்கள், சாக்கெட்டில் ஏற்றும் முன் ஒவ்வொன்றாக 2, 3 கால்களில் மீட்டர் வைக்க வேண்டியதுதான்.